எந்த ஜவ்வு? எந்த ஆபரேஷன்?

கால் போதவில்லை என்று கடவுளிடம் போய் வேறு கால் கேட்டு வாங்கிக்கொண்ட மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெயரைத்தான் கடலூரில் ஒரு பேட்டை இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரில் பாதிரி என்பது தலமரம். புலியூர் என்பது புலிக்கால் முனிவரால் வந்தது. வியாக்கிரபாதர் என்று வடமொழியில் சொல்வார்கள். வண்டு தீண்டுவதற்கு முன்னால், பொழுது விடிவதற்குள் மலர் பறித்துப் பூஜை செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. இருட்டில் மரம் ஏறினால் கால் வழுக்குகிறது. ஆகவே வழுக்காத புலிக்கால் வேண்டும் என்று ஈசனிடம் வரம் வாங்கினார் என்பது புராணம். தெற்கே சிதம்பரத்துக்கும் அதே முனிவரால்தான் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர்.

இந்த ஊருக்கு இன்னொரு கால் கதையும் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமிகள் கரையேறியது இங்கேதான். அவரே முதுமையில் கயிலைக்கு நடந்து புறப்பட்டு, பாதம் தேய்ந்து, பிறகு கையை ஊன்றித் தவழ்ந்து, கையும் தேய்ந்த பிறகு மார்பால் நகர்ந்து போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது.

நமக்குப் புலிக்காலும் வேண்டாம், கயிலை யாத்திரையும் வேண்டாம். பாடலீசுவரர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெரியநாயகி அம்மன் சன்னிதியில் சற்றுத் தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருந்தால் போதும். அந்த ஒரு காரியத்துக்கே எத்தனை பேர் தவிக்கிறார்கள், பாருங்கள்! பிரகாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அத்தையைக் கேளுங்கள். "முட்டியிலே ஜவ்வு தேய்ஞ்சு போச்சாம்" என்பார். கபடி ஆடுகிற அவர் பேரனைக் கேளுங்கள். அவனுக்கும் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு". ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்த மருமகளுக்கும் ஜவ்வுதான்!

மூன்று பேருக்கும் ஒரே வியாதி என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். பேரனுக்குத் துவாரம் போட்டுச் செய்தார்களே, அதையே அத்தைக்கும் செய்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். எதிர்வீட்டு அம்மாளுக்கு ஆபரேஷன் பலிக்கவில்லை, ஆகவே மருமகளுக்கும் வேண்டாம் என்கிறார் இன்னொருவர். குழப்பமெல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்து பிறக்கிறது. வார்த்தையைச் சற்றுப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

மூன்று ஜவ்வுகள்

மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னால் மூடி மாதிரி முட்டிச் சில்லு. முழங்கால் என்பது இவ்வளவுதான். இந்த எலும்புகளின் முனைகளில் இளநீர் வழுக்கையைப் போல வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது. குருத்தெலும்பு என்று பெயர். எலும்பும் எலும்பும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். அத்தைக்குத் தேய்ந்து போயிருப்பது இந்த ஜவ்வு.

இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. பீரோ ஆடாமல் இருக்க அதன் காலடியில் அட்டையை மடித்து வைக்கிறோம் அல்லவா? அதே வேலையைச் செய்கின்றன. கூடவே நம் பளுவையும் பரப்பித் தாங்குகின்றன. இது இரண்டாவது ஜவ்வு.

மூன்றாவது, எலும்புகளை விலகாமல் பிடித்துக் கட்டியிருக்கும் கயிறு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நடுவே பெருக்கல் குறி போட்டாற்போல் குறுக்கே போவது இரண்டு. அறுந்து தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அந்தக் குறுக்குக் கயிறுகளில் முன்னால் இருப்பது. பேரனுக்கு அறுந்தது அதுதான்.

பூச்சு, மெத்தை, கயிறு. டாக்டர் "ஜவ்வு" என்று சொன்னால் இந்த மூன்றில் எது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் முகூர்த்தம் வைக்கிற மாதிரி!

கயிறு அறுந்தால்

ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது, 'பட்' என்று ஒரு சப்தம். சில மணி நேரத்துக்குள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கும். வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்துவிடும், வலியும் போய்விடும். ஆனால் மாடிப்படி இறங்கும்போது கால் திடீரென்று நம்மை விட்டுப் போகிறாற்போல் இருக்கும். இதுதான் முன் கயிறு அறுந்ததற்கு அடையாளம். ஆட்டத்தில் ஈடுபடும் பெண்களுக்கு, அதே ஆட்டம் ஆடும் ஆண்களைவிட இது ஜாஸ்தி வருகிறது என்பது பல தேசங்களில் கண்ட உண்மை. பெண் பிள்ளையைக் கபடிக்கோ பூப்பந்துக்கோ அனுப்பும் தாய்மார்கள் இதற்காகப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் இறங்கப் பழக்கினால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

அறுந்த கயிற்றைத் தைக்க முயன்றவர்களில் முன்னோடி, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர் மேயோ ராப்ஸன். 1895-ல் அவர் தைத்தது, நம் நெய்வேலியைப்போல அங்கேயும் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய முழங்காலை. இப்போது தைப்பதைக் காட்டிலும் புதுக் கயிறு போடுவதே வழக்கம். நோயாளியின் தொடைக்குப் பின்னால் இருக்கும் தசை நாரிலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் நாரிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து, சிறு துவாரங்கள் வழியாக உள்ளே செலுத்தி, பழைய கயிறு இருந்த இடத்தில் பொருத்திவிடுகிறார்கள். மறுபடி ஆட்டக் களத்தில் இறங்க ஒன்பது மாதமாவது ஆகும். நாலாம் மாதமே "சரியாகிவிட்டது" என்று ஓடுகிற பிள்ளைகள்தான் திரும்பவும் அறுத்துக்கொண்டு வருகிறார்கள்.

எல்லாருக்கும் இந்த ஆபரேஷன் கட்டாயமா? இல்லை. ஸ்வீடனில் 121 இளவயதினரை வைத்து ஒரு பரீட்சை செய்து 2010-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 59 பேருக்கு முதலில் தேகப் பயிற்சி மட்டும். தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று ஏற்பாடு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த 59 பேரில் 36 பேர் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். ஐந்து வருஷத்தில் ஏறக்குறையச் சரிபாதி. கபடியிலேயே பேரெடுக்க வேண்டிய பேரனுக்குப் புதுக் கயிறு தேவைப்படலாம். சமைத்து, ஆபீசுக்குப் போய், மாலையில் கோயிலுக்கு நடக்கிற மருமகளுக்குக் கால் விட்டுப் போகாத வரையில் பயிற்சியே போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும். அவருடன் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

துவாரம் போட்டுக் கழுவுவது

இனி மெத்தை. இதைப்பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்களின் பணம் அதிகமாக வீணாகிற இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

முழங்காலுக்குள் சின்னக் குழாயை விட்டு எட்டிப் பார்க்கிற வித்தை ஜப்பானில் வளர்ந்தது. டோக்கியோவில் டாக்டர் டகாகி 1918-ல், மூத்திரப்பையைச் சோதிக்கும் குழாயை ஒரு பிரேதத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். ஏன் ஜப்பான் என்று கேட்டால் நமக்குச் சட்டென்று புரியும். அவர்களும் நம்மைப்போலத் தரையில் உட்காருகிற ஜாதி! க்ஷயம் வந்து மூட்டு விறைத்துப்போன மனிதர் அந்த ஊரில் சபையில் நாலுபேரோடு உட்காரவே முடியாது. விறைத்துப்போவதற்கு முன்பே உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும் என்ற தவிப்பில் பிறந்த கருவி அது. அவருடைய சீடர் வடனாபே 1962-ல், கூடைப்பந்து ஆடும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு, கிழிந்த மெத்தையைத் துவாரம் வழியாகவே வெட்டி எடுத்துக் காட்டினார்.

அதற்கு முன்பெல்லாம் மெத்தை கிழிந்தால் முட்டியைத் திறந்து மெத்தை முழுவதையும் எடுத்து எறிந்துவிடுவார்கள். அது உபயோகமில்லாத சதை என்று எண்ணம். இங்கிலாந்தில் டாக்டர் ஃபேர்பாங்க், 1948-ல், அப்படி எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். மெத்தை போன முழங்கால் வெகு சீக்கிரம் தேய்ந்து வருவது தெரிந்தது. ஆகவே இப்போது இளவயதுக்காரருக்கு மெத்தை கிழிந்தால், முடிந்தவரையில் தையல் போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கிழிந்த துண்டு மடங்கி நடுவில் மாட்டிக்கொண்டு காலை நீட்டவே முடியவில்லை என்றால், தாமதிக்காமல் செய்யவேண்டிய சிகிச்சை அது. இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், மெத்தையில் ஏதோ ஒரு கிழிசல் இருப்பது சகஜம். தலையில் நரை இருப்பதைப்போல. வலி அதனால்தானா? "ஒரு துவாரம் போட்டு உள்ளே கழுவி, பிசிறை வெட்டிவிடலாம்" என்று சொல்வதுண்டு. கழுவினால் சுகமாகும் என்று கேட்பவர்களுக்கும் தோன்றுகிறது, அழுக்கைக் கழுவுகிறாற்போல!

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் துணிச்சலாக ஒரு காரியம் செய்தார்கள். முட்டி தேய்ந்த 180 பேரை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குக் கழுவிப் பிசிறு வெட்டினார்கள். இன்னொரு கூறுக்குக் கழுவ மட்டும் செய்தார்கள். மூன்றாவது கூறுக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டு, தண்ணீர் சலசலக்கும் சப்தத்தைக் கேட்கச் செய்து, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள்! நோயாளிகள் எல்லாரும் இதற்குச் சம்மதித்தவர்கள்தான். யாருக்கு எது நடந்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் தொடர்ந்து விசாரித்ததில் மூன்று கூறுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. 2002-ல் வெளியான இந்தச் செய்தி எலும்பு வைத்தியர்களைத் தூக்கிவாரிப் போட்டது. "தேய்ந்த முட்டிக்கு அப்படி இருக்கலாம்; மெத்தைக் கிழிசலுக்கு?" என்று கேட்டார்கள். தேய்மானம் இல்லாமல், வயதால் மெத்தை மட்டும் கிழிந்த 146 பேரிடம் பின்லாந்தில் அதே பரீட்சையைச் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். அங்கும் அதே கதை. 2017-ல் பல தேசத்து நிபுணர்கள் ஒன்றுகூடி, வயதால் தேய்ந்த முழங்காலுக்குத் துவார சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே யோசனை சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அத்தைக்கு "துவாரம் போட்டுக் கழுவலாம்" என்று யாராவது சொன்னால், வேறொரு டாக்டரிடமும் காட்டிக் கேட்பதில் தவறே இல்லை. சீழ் பிடித்த மூட்டைக் கழுவுவது வேறு சங்கதி. காய்ச்சலோடு முட்டி சிவந்து, தொட்டால் துடிக்கிறாற்போல் வலித்தால், அது சீழாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே கழுவ வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் பூச்சு முழுவதையும் சீழ் அரித்துவிடும்.

பூச்சு தேய்ந்தால்

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் ஆண்களைவிட ஜாஸ்தி. உடம்பின் கனமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடையைக் குறைப்பது, தேவையானபோது வலி மாத்திரை. முதல் வைத்தியம் இதுதான். சலிப்பூட்டும் வைத்தியம், வாஸ்தவம். ஆனால் மூன்று மாதம் விடாமல் செய்தவர்களில் பலர் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிடுகிறார்கள்.

அதற்கும் அடங்காதபோது மூன்று தினுசு ரண சிகிச்சைகள் இருக்கின்றன.

நம் ஊர்ப் பெண்மணிகள் பலருக்குக் கால் வில்லாக வளைந்து, பாரமெல்லாம் முழங்காலின் உள்பக்கத்தில் இறங்குகிறது. உள்பக்கம் தேய்ந்துவிடும், வெளிப்பக்கம் புதுசாகவே இருக்கும். அறுபது வயதுக்கு உட்பட்டு, ஓடியாடி வேலை செய்கிறவரானால், முட்டிக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பை அறுத்து, ஆப்பு வைத்தாற்போல் விரித்து, தகடும் திருகாணியும் போட்டுக் காலை நேராக்கிவிடலாம். பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுகிறது. எலும்பு கூட மூன்று மாதமாகும். அதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் சொந்த முழங்கால் சொந்தமாகவே இருக்கிறது. பலருக்குப் பத்து வருஷம் நிம்மதி கிடைக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் இதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதால் நாமும் கேட்பதில்லை. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு "மாற்றிவிடலாம்" என்று சொன்னால், "எலும்பை நிமிர்த்துகிற ஆபரேஷன் எனக்கு ஆகாதா?" என்று ஒரு கேள்வி கேட்டு வைப்பது நல்லது.

இரண்டாவது, தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் உலோகம் வைப்பது. கயிறுகள் எல்லாம் பத்திரமாக இருக்கவேண்டும். மறு பக்கம் கெடாமல் இருக்கவேண்டும். காயம் சிறிது, சீக்கிரம் நடக்கலாம், கால் இயற்கையாகவே மடங்குகிறது என்று செய்துகொண்டவர்கள் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் ஊரெல்லாம் பேசுகிற முழு மூட்டு மாற்று. பெயரைக் கேட்டதும், மூட்டையே வெட்டி எடுத்துவிட்டு இரும்பை வைக்கிறார்கள் என்று பயப்படுகிறார்கள். நிஜத்தில் எலும்பு முனைகளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, பல்லுக்குத் தொப்பி போடுகிறாற்போல் உலோகத் தொப்பி போடுகிறார்கள். நடுவே பழைய பூச்சுக்கும் மெத்தைக்கும் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தகடு. இதற்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. பெர்லினில் டாக்டர் க்ளுக் 1890-லேயே தந்தத்தால் கீல் செய்து முழங்காலில் வைத்துப் பார்த்தார். க்ஷயம் பிடித்த மூட்டுக்களில் அது தங்கவில்லை. இன்றைய முறைக்கு மூலம், 1974-ல் நியூயார்க்கில் டாக்டர் இன்சாலும் அவர் தோழர்களும் சேர்ந்து செய்த மூட்டு. அந்தத் தோழர்களில் ஒருவர் நம் தேசத்தில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். பிரதமர் வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும் பம்பாய் பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் மாற்றியவர் அவர்தான். பிரதமருக்கு அப்போது வயது எழுபத்தைந்து கடந்திருந்தது. அதற்குப் பிறகுதான் "முட்டி மாற்றலாமா?" என்ற பேச்சு நம் வீட்டுத் திண்ணைகளுக்கே வந்து சேர்ந்தது.

எத்தனை காலம் உழைக்கும்? முழு மூட்டு மாற்றிக்கொண்ட நூறு பேரில் எண்பத்திரண்டு பேருக்கு இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே மூட்டு இருக்கிறது என்று 2019-ல் வெளியான ஒரு பெரிய கணக்கு சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றியவர்களில் இது எழுபது பேர். அறுபத்தைந்து வயதில் செய்துகொள்பவருக்கு ஆயுசுக்கும் போதும். நாற்பத்தைந்தில் செய்துகொண்டால் இன்னொரு தரம் கத்திக்குக் கீழே படுக்க நேரலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். செய்துகொண்டவர்களில் பத்துப் பேரில் ஒருவர் இருவர், எதிர்பார்த்த சுகம் இல்லை என்றே சொல்கிறார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாக இருந்தும் அவசரப்பட்டுச் செய்துகொண்டவர்கள் அவர்களில் அதிகம். மறுபக்கம், "பிள்ளைக்குக் கல்யாணம் ஆகட்டும், பேரன் பிறக்கட்டும்" என்று பத்து வருஷம் தள்ளிப்போட்டு, கால் மடங்கியபடியே விறைத்து, தொடைத் தசை கரைந்த பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி வருகிறவர்கள் அநேகமாக வீட்டுக்கே உழைத்த பெண்கள். அவர்களுக்கு எவ்வளவு நல்ல மூட்டு வைத்தாலும் பாதிப் பலன்தான். ராத்திரி வலியால் தூக்கம் கெடுகிறது, தெருமுனைக் கடைக்கு நடக்க முடியவில்லை, பயிற்சியும் மாத்திரையும் பலிக்கவில்லை, எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு ஒட்டிவிட்டது. இந்த நான்கும் சேர்ந்தால் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

விலை விவகாரம்

2017 ஆகஸ்டு 16-ந் தேதி மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. அதுவரையில் சராசரி ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விலை போட்டு விற்ற கோபால்ட் குரோமிய மூட்டுக்கு, இனி வரி நீங்கலாக 54,720 ரூபாய்தான் உச்ச விலை என்று நிர்ணயித்தார்கள். டைட்டானியம், சிர்கோனிய வகைகளுக்கு 76,600. அதிகம் மடங்கும் என்று சொல்லி விற்கும் வகைக்கு 56,490. மூட்டின் விலையை, கம்பெனியின் பெயரோடு பில்லில் தனியாகக் காட்டவேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. பிறகு தொகைகளில் மாறுதல்கள் வந்தாலும், கட்டுப்பாடு என்பது வந்தது அன்றைக்குத்தான். பில் வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள், சகோதரிகளே. மூட்டு வந்த பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் என்ன மூட்டு என்று அது சொல்லும்.

அதிகம் மடங்கும் மூட்டு வைத்தால் சம்மணம் போட்டு உட்காரலாம் என்று ஆசை காட்டுவதுண்டு. ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில் சாதாரண மூட்டுக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் கால் எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்துத்தான் பின்னால் மடங்குவதும்.

பணமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றும் சேர்ந்திருக்கிறது. இந்தத் திட்டத்துக்கான குடும்ப வருமான வரம்பு 2021-ல், வருஷத்துக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. கடலூர்க்காரர்கள் முதலில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் காட்டலாம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்து, மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. வடக்கே பாண்டிச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது.

வலி வேறு இடத்திலிருந்து வந்தால்

ஜவ்வைச் சேராத கோளாறுகளும் உண்டு. விழுந்து முட்டிச் சில்லு உடைந்தால் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் சிலருக்குச் சில்லு அடிக்கடி பக்கவாட்டில் விலகும். அதைப் பிடித்து நிறுத்தும் வாரைப் புதிதாக அமைக்கிற ஆபரேஷன் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டதால் கத்தி கடைசியில்தான்.

ஒன்றை மட்டும் தாய்மார்கள் நினைவில் வைக்கவேண்டும். பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, ஒரே காலில், முட்டிக்குச் சற்று மேலேயோ கீழேயோ வீக்கம், வலி ராத்திரியில் எழுப்புகிறது, வாரக்கணக்கில் போகவில்லை. "வளருகிற வயசு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள்; கட்டும் போடாதீர்கள். உடனே ஓர் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புப் புற்று அதிகமாக வருகிற இடம் முழங்காலைச் சுற்றித்தான்; நீவுவது அதற்குப் பெரிய கெடுதல். ஒரு காலத்தில் இதற்குக் காலையே எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன், நோய் பிடித்த எலும்புத் துண்டையும் முழங்காலையும் நீக்கி, அந்தந்த நோயாளியின் அளவுக்கென்றே செய்த பெரிய உலோக மூட்டை வைத்துக் காலைக் காப்பாற்றும் முறையைப் பரப்பினார். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் நடந்து வீடு திரும்பினார்கள். 2007-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மேலே சொன்ன விலை உத்தரவில் இந்தப் புற்று நோய் மூட்டுக்கும் 1,13,950 ரூபாய் என்று வரம்பு போட்டார்கள்; அதற்கு முன் பல லட்சம்.

வீட்டில் செய்யவேண்டியது

மூட்டு மாற்று என்று முடிவாகிவிட்டால் நாள் குறிப்பதற்கு முன்னால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல், கால் விரலிடுக்குப் புண், மூத்திர எரிச்சல், எது இருந்தாலும் முதலில் அதை ஆற்றிக்கொள்ளவேண்டும். புது மூட்டில் கிருமி புகுவது நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான். புகுந்துவிட்டால் சமயத்தில் மூட்டையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிவரும்.

மேல்நாட்டுப் பாணிக் கழிவறை இல்லாத வீட்டில், நோயாளி திரும்புவதற்குள் அதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். கை வைத்த, உயரமான நாற்காலி ஒன்று. அடுக்களையில் அரிவாள்மணை முன் உட்காருவது இனி இல்லை. மேடையில் கத்தி வைத்துக்கொண்டு நறுக்கப் பழகட்டும். ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். "ஐயோ, இன்றைக்கே நடக்கவிடுகிறார்களே!" என்று தடுக்காதீர்கள். படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையும்.

பரிவோடு செய்கிற ஒரு தப்பு உண்டு: முட்டிக்கு அடியில் தலையணை. வைத்தால் இதமாகத்தான் இருக்கும்; ஆனால் கால் மடங்கியபடியே விறைத்துப்போகும், பிறகு நேராகாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி தானாக நேராகும். கொஞ்சம் முனகுவார்கள், பரவாயில்லை.

மாடி வீடானால் படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கூடப் போகிறவர் ஏறும்போது ஒரு படி கீழே பின்னாலும், இறங்கும்போது ஒரு படி கீழே முன்னாலும் நிற்கவேண்டும்.